சொந்த இன்சூரன்ஸ்ல பணம் வாங்கிட்டா லாரி மேல கேஸ் போட முடியாதா? (ரிங் ரோடு விபத்து, கார் சேதம், கால் முறிவு)

விரகனூரான் | 9 ஜனவரி 2026, இரவு 10:12

டிசம்பர் கடைசியில மதுரை ரிங் ரோட்டுல மச்சான் கார்ல லாரி மோதிருச்சு. மச்சானுக்கு வலது முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் முறிஞ்சு பிளேட் வச்சிருக்கு. பின் சீட்டுல இருந்த அத்தைக்கு மணிக்கட்டு முறிவு. கார் மச்சான் பேர்லதான். 1,197 சிசி, நாலு வருசம் ஆகப்போகுது, ஃபுல் இன்சூரன்ஸ், ஐடிவி (பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு) 4,20,000. ஒர்க்‌ஷாப்ல 3,38,000 எஸ்டிமேட் போட்டிருக்காங்க. ஊர்ல சொல்றாங்க, நம்ம இன்சூரன்ஸ்ல காருக்குப் பணம் வாங்கிட்டா லாரி மேல கோர்ட்டுக்குப் போக முடியாது, ரெண்டுல ஒண்ணுதான்னு. லாரி தரப்புல ஆள் அனுப்பி 75,000 தர்றோம், எழுதிக் குடுங்கன்னு கேக்குறாங்க. எது சரி?

எம்சிஓபி குமாஸ்தா | 9 ஜனவரி, இரவு 10:41

ரெண்டுல ஒண்ணுங்கிறது தப்பு. காருக்கு உங்க கம்பெனி குடுக்குறது நீங்க பிரீமியம் கட்டின ஒப்பந்தப்படி. உடம்புக்கு ஏற்பட்ட காயத்துக்கு லாரி ஓனரும் அவரோட இன்சூரன்ஸ் கம்பெனியும் பதில் சொல்லணும், அது மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவு, தீர்ப்பாயத்துல எம்சிஓபி மனு, அதாவது விபத்து இழப்பீடு கேக்குற மனு. ரெண்டும் தனித்தனித் தடம், ஒண்ணு இன்னொண்ணை அடைக்காது. ஒரே தொகையை ரெண்டு இடத்துல வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த 75,000 காகிதத்துல கையெழுத்து வேண்டாம். "இனி சிவில், கிரிமினல் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டேன்"னு ஒரு வரி அதுல இருக்கும். அந்த வரிக்குத்தான் பணம். பிளேட் வச்ச காலுக்கு ஊனம் எவ்வளவுன்னு யாருக்கும் இன்னும் தெரியாது, பிளேட் எடுக்குற ஆபரேஷன் வேற பாக்கி இருக்கு.

எஃப்ஐஆர் போட்டாச்சா? இல்ல புகார் வாங்கினதுக்குக் குடுக்குற சிஎஸ்ஆர் ரசீதோட நிக்குதா?

பழைய சர்வேயர் | 10 ஜனவரி, காலை 7:05

கார் விசயம் நான் சொல்றேன். கம்பெனிக்குத் தகவல் சொல்லி கிளைம் நம்பர் வாங்கிட்டீங்களா? சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்புற சர்வேயர் பார்க்குறதுக்கு முன்னாடி ஒரு போல்ட்டைக்கூடக் கழட்ட விடாதீங்க. காயம் பட்ட கேஸ்ங்கறதால முதல்ல மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கணும், அப்புறம் போலீஸ் ரிலீஸ், அதுக்கப்புறம்தான் ஒர்க்‌ஷாப். இந்த வரிசை மாறினா "பிரேக் முன்னாடியே பழுது" மாதிரி சந்தேகம் எல்லாம் ரிப்போர்ட்டுக்குள்ள வரும், அதை வெளியேத்துறது கஷ்டம்.

ரெக்கவரி வண்டி பில் பத்திரம். சாதாரண கார் பாலிசியில இழுவைக்கு 1,500 ரூபாய்தான் எல்லை. மிச்சத்தை லாரி தரப்புல கேக்கலாம், பில் இருந்தா.

விரகனூரான் | 10 ஜனவரி, மதியம் 1:30

எஃப்ஐஆர் ஆயிருச்சுண்ணே, லாரி டிரைவர் மேலதான். ஆய்வாளரும் பார்த்துட்டார். கார் ஒர்க்‌ஷாப்ல நிக்குது. எஸ்டிமேட் ஐடிவியில 80 சதவீதம் வருதே, அப்ப டோட்டல் லாஸ்தானே?

பழைய சர்வேயர் | 10 ஜனவரி, இரவு 9:20

அவசரப்படாதீங்க. ரிப்பேர் செலவு ஐடிவியில 75 சதவீதத்தைத் தாண்டினா டோட்டல் லாஸ்னு எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு அது 3,15,000. ஆனா பாலிசியில அந்த வாக்கியத்துக்கு நடுவுல "பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு"ன்னு இருக்கு. அதனால ஒர்க்‌ஷாப் விலையை அப்படியே வச்சுப் பார்க்க மாட்டாங்க. தேய்மானம் கழிச்சு கம்பெனி தலையில விழுற தொகை 3,15,000-த்தைத் தாண்டுதான்னுதான் பார்ப்பாங்க.

தேய்மானம் எப்படின்னு ஒரு சின்ன பில் வச்சுக் காட்டுறேன். மூணுலேர்ந்து நாலு வருச வண்டிக்கு இரும்பு பாகத்துல 25 சதவீதம் போகும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் வயசு எதுவானாலும் 50. ஃபைபர் 30. கண்ணாடிக்குக் கழிவே இல்ல. பெயிண்ட் பில்லுல கால் பங்கு சரக்குன்னு எடுத்து அதுல பாதி கழிப்பாங்க. இப்ப இரும்பு 48,000, பிளாஸ்டிக் 30,000, கண்ணாடி 9,000, பெயிண்ட் 16,000, கூலி 22,000, மொத்தம் 1,25,000-னு வைங்க, ஜிஎஸ்டி தனி. கழியுறது 12,000, 15,000, பெயிண்ட்ல 2,000, ஒவ்வொரு கிளைம்லயும் நாம ஏத்துக்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வர்றது 95,000. 1,500 சிசிக்கு மேல போனா கட்டாயக் கழிவு 2,000.

தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் கவர் போட்டிருந்தா கணக்கே வேற. பாலிசி ஷெட்யூல்ல கூடுதல் கவர் பத்தியைப் பார்த்துச் சொல்லுங்க.

டிங்கரிங் கடை | 10 ஜனவரி, இரவு 10:55

வெளிய பார்த்துப் போட்ட எஸ்டிமேட்டை நம்பாதீங்க. ஏர்பேக் வெடிச்சிருந்தா பை மட்டும் மாத்துனா போதாது. ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட், ஸ்டீயரிங்குக்குள்ள கிளாக் ஸ்பிரிங், டேஷ்போர்டு, முன் சீட் பெல்ட் ரெண்டும் போகும், ஏன்னா இழுத்துப் பிடிக்குற பிரிடென்ஷனரும் அதே நேரத்துல வெடிச்சிருக்கும். முட்டு ஓரமா விழுந்திருந்தா லாங் மெம்பர் (வண்டிக்கு அடியில நீளவாக்குல ஓடுற சட்டம்), சப் ஃபிரேம், ஸ்டீயரிங் ராக் பாருங்க. டிஸ்மாண்டில் பண்ணி மறுபடி எஸ்டிமேட் போட்டு சர்வேயரை ரெண்டாம் தடவை வரச் சொல்லணும். அந்தப் பழைய பாகத்தை எல்லாம் ஒரு மூட்டையில கட்டி வைக்கச் சொல்லுங்க. பாகம் கண்ணுல படலைன்னா சர்வேயர் ஷீட்ல "சேதம் காணப்படவில்லை"ன்னு ஒரே கோடு அடிச்சுருவார்.

லாங் மெம்பர் வளைஞ்ச வண்டியை ஜாக்கி வச்சு இழுத்து நேராக்கித் தர்றோம்னு சொல்ற கடைக்கு விடாதீங்க. அடுத்த முட்டுல அந்த இடம் மடங்க வேண்டிய மாதிரி மடங்காது.

எம்சிஓபி குமாஸ்தா | 11 ஜனவரி, காலை 11:15

எஃப்ஐஆர் சரி. அதைவிட முக்கியம் ஏ.ஆர். காப்பி, ஆஸ்பத்திரியில முதல்ல எழுதுற விபத்துப் பதிவேடு. பெரியாஸ்பத்திரிக்கு முதல்ல போனாங்களோ, தனியாருக்குப் போனாங்களோ, முதல் இடத்துல எழுதினதுதான் பேசும். "ரிங் ரோட்டில் காரில் செல்லும்போது லாரி மோதியதாகக் கூறப்படுகிறது"ன்னு இருந்தா பிரச்சினை இல்ல. "சாலை விபத்து"ன்னு மட்டும் இருந்தாலும் சமாளிக்கலாம். "தானாகத் தடுமாறி" மாதிரி ஒரு சொல் விழுந்துட்டா லாரி கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியை வச்சே முழு குறுக்கு விசாரணையும் பண்ணுவார். கூட்டிட்டுப் போனவங்க பதட்டத்துல சொல்றதை டூட்டி டாக்டர் அப்படியே எழுதுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பேரும் பாருங்க. ஏ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் மூணுலயும் இனிஷியல், வயசு ஒண்ணா இருக்கணும். வயசு ஏன்னா இழப்பீட்டுக் கணக்கே அதுலதான் நிக்குது.

போலீஸ் பக்கம் சேர்க்க வேண்டியது: எஃப்ஐஆர், பார்வை மகஜர், மாதிரி வரைபடம், ஆய்வாளர் ரிப்போர்ட், காயச் சான்று, கடைசியில குற்றப்பத்திரிகை. விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துலயே இறக்கிக்கலாம். வரைபடத்தைக் கூர்ந்து பாருங்க. உங்க கார் எந்தப் பக்கமா போச்சு, முட்டுன இடம் நடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம்னு அதுலதான் இருக்கும். உங்க மேல பாதித் தப்புன்னு வாதம் கிளம்புறது அங்கேர்ந்துதான்.

தெப்பக்குளத்தார் | 11 ஜனவரி, மாலை 6:02

சாலை விபத்துக்கு 54-ம் நம்பர் படிவம்னு ஒண்ணு போலீஸ்ல வாங்கணும்ல? ஆறு மாசத்துக்குள்ள மனு போடலைன்னா அதோட முடிஞ்சதுன்னும் கேள்வி.

எம்சிஓபி குமாஸ்தா | 11 ஜனவரி, இரவு 8:48

54 பழசு. 2022 ஏப்ரல் 1 முதல் முறை மாறிருச்சு. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கை, படிவம் 1, தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பணும். 50 நாள்ல இடைக்கால அறிக்கை, படிவம் 5. 90 நாள்ல விரிவான அறிக்கை, படிவம் 7. டிரைவர், ஓனர், காயம்பட்டவர் நிரப்பத் தனிப் படிவங்களும் உண்டு, காயம்பட்டவருக்கு 6-ம் படிவம். விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் மனுவா எடுத்துக்கலாம். ஆனா அதை நம்பி உக்காராம தனியா மனு போட்டுருங்க. வருமானம், வலி, துணைக்கு இருந்த ஆள் செலவு எல்லாம் போலீஸ் அறிக்கையில முழுசா வராது.

ஆறு மாசக் கெடு 166-வது பிரிவு 3-ம் உட்பிரிவுல இருக்கு. அதை எதிர்த்த வழக்குல, காலம் கடந்ததுன்னு மட்டும் சொல்லி மனுவைத் தள்ளக் கூடாதுன்னு 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கு. இறுதித் தீர்ப்பு வரணும். கெடு தாண்டினவங்க மனம் தளர வேண்டாம். கெடுவுக்குள்ள இருக்கிறவங்க அந்த உத்தரவைச் சாக்கா வச்சுத் தள்ளிப்போட வேண்டாம்.

எங்க போடலாம்னா விபத்து நடந்த இடம், நீங்க குடியிருக்கிற இடம், எதிர்மனுதாரர் இருக்கிற இடம், எதுவும் சரி. லாரி நாமக்கல் பதிவா இருந்தாலும் மதுரை கோர்ட்டுலயே போடலாம்.

விரகனூரான் | 12 ஜனவரி, காலை 9:10

ஜீரோ டெப் இல்லண்ணே. ஆனா ஓனர் டிரைவருக்கு 15 லட்சம்னு பாலிசியில போட்டிருக்கு. கால் முறிவுக்கு அதுல எவ்வளவு வரும்?

பழைய சர்வேயர் | 12 ஜனவரி, காலை 9:44

வராது. அந்தக் கவர் மரணம், கை கால் இழப்பு, கண் பார்வை இழப்பு, நிரந்தர முழு ஊனம் இதுக்கு மட்டும்தான். ஒரு கால் போனா பாதி, ரெண்டு போனா முழுசு. எலும்பு முறிஞ்சு கூடுறதுக்கு ஒரு ரூபாய் கிடையாது. ஏஜென்ட்டுகள் இதை விக்கும்போதே சொல்லியிருக்கணும். சொல்லாததால ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு இந்த 15 லட்சத்தை நம்பிக் கடன் வாங்குறவங்க இருக்காங்க, மனசு கஷ்டமா இருக்கும்.

எம்சிஓபி குமாஸ்தா | 12 ஜனவரி, இரவு 10:30

இப்ப லாரி தரப்புல என்ன எதிர்பார்க்கலாம். 34 வயசு, சொந்தத் தொழில், மாசம் 22,000-னு வச்சுக்கிறேன். எதிர்கால உயர்வு 40 வயசுக்குக் கீழ உள்ள சொந்தத் தொழில்காரருக்கு 40 சதவீதம் சேர்ப்பாங்க, ஆகுது 30,800. வருசத்துக்கு 3,69,600. 31 முதல் 35 வயசுக்குப் பெருக்கும் எண் 16. டாக்டர் காலுக்கு 30 சதவீதம் ஊனம்னு சான்று குடுத்தாலும் உழைக்கிற திறன் 15 சதவீதம் குறைஞ்சு போச்சுன்னு தீர்ப்பாயம் எடுத்தா 8,87,040.

இதே 30 சதவீதத்துக்கு இன்னொரு முறை இருக்கு. வேலை பாதிக்கலைன்னு கோர்ட் நினைச்சா ஒரு சதவீதத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா குடுத்துரும். சதவீதத்துக்கு 5,000 வச்சா 1,50,000. ஒரே கால், ஒரே சான்று, வித்தியாசம் ஏழு லட்சத்துக்கு மேல. முறிவு என்னங்கிறதைவிட அந்த மனுசன் என்ன வேலை செஞ்சார், இப்ப அதை எப்படிச் செய்ய முடியலைன்னு சாட்சியம் விடுறதுலதான் இழப்பீடு இருக்கு. ஏணி ஏறணுமா, மூட்டை தூக்கணுமா, எட்டு மணி நேரம் நிக்கணுமா, இதைச் சாட்சிக் கூண்டுல சொல்ல வைக்கணும். வருமானத்துக்கு வரி ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி எது இருந்தாலும் சரி. ஒண்ணும் இல்லைன்னா கோர்ட் தானா ஒரு தொகையை வச்சுக்கும், அது குறைவாத்தான் இருக்கும்.

ஊனச் சான்றுக்கு இப்பவே ஓடாதீங்க. எலும்பு கூடி, பிசியோ முடிஞ்சு மடக்க முடியுற கோணம் நிலைச்ச பிறகுதான் அளவு சரியா வரும். தீர்ப்பாயமே மருத்துவக் குழுவுக்கு அனுப்பும், மதுரைக்கு அது பெரியாஸ்பத்திரிதான். எக்ஸ்ரே ஃபிலிமைச் சுருட்டி வைக்காம தட்டையா வைங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது ரொம்ப முக்கியம்.

மெடிக்ளெயிமுக்கு ஒரிஜினல் பில்லைக் குடுத்துட்டா அந்தக் கம்பெனி முத்திரை போட்ட நகலும் செட்டில்மென்ட் கடிதமும் வாங்கிருங்க. வெறும் ஜெராக்ஸைக் கோர்ட்டுல சாட்சிய ஆவணமா குறியீடு பண்ண விடமாட்டாங்க.

அனுப்பானடி | 13 ஜனவரி, மாலை 5:15

164-வது பிரிவுல தப்பு யாருன்னு பார்க்காம 2,50,000 உடனே தருவாங்களாமே. அதை வாங்கிட்டு மிச்சத்துக்கு 166 நடத்தினா என்ன?

எம்சிஓபி குமாஸ்தா | 13 ஜனவரி, இரவு 9:05

கூடாது. 164-ல கொடுங்காயத்துக்கு 2,50,000, மரணத்துக்கு 5,00,000. அதை ஒத்துக்கிட்டு வாங்கினா 166 மனு அதோட செத்துரும்னு சட்டத்துலயே இருக்கு. தப்பு யார் மேலன்னு நிரூபிக்க வழியே இல்லாதவங்களுக்கு அது நல்ல வழி. உங்க மச்சான் கேஸ் அப்படி இல்ல.

மோதிட்டு நிக்காம போன, நம்பர் தெரியாத வண்டின்னா 161. மரணத்துக்கு 2,00,000, கொடுங்காயத்துக்கு 50,000. அதுக்குக் கோர்ட் வேண்டாம், கோட்ட அளவுல விசாரிச்சு கலெக்டர் உத்தரவு போடுவார். பல குடும்பத்துக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

அத்தை விசயம் விட்டுப்போச்சு. அவங்க தனி மனு போடணும். பின் சீட்டுல உக்காந்திருந்தவங்க மேல எந்தத் தப்பும் சுமத்த முடியாது. ரெண்டு வண்டி மேலயும் தப்புன்னு முடிவானாக்கூட அவங்க முழுத் தொகையையும் ஏதாவது ஒரு தரப்புகிட்ட வாங்கலாம். அதனால லாரி கம்பெனியோட உங்க கார் கம்பெனியையும் எதிர்மனுதாரரா சேருங்க. கார் பாலிசி ஃபுல் இன்சூரன்ஸா இருந்தா உள்ள இருக்கிறவங்களுக்கும் பொறுப்பு உண்டு. வெறும் மூணாம் தரப்பு பாலிசின்னா அது கிடைக்காது.

டிங்கரிங் கடை | 14 ஜனவரி, காலை 8:20

பயணி பேச்சு வந்ததால இதையும் சொல்லிருறேன். பொங்கல் முடிஞ்சு கிடா வெட்டு, குலதெய்வக் கோயில்னு குட்டியானையில இருபது பேரை ஏத்திட்டுப் போவாங்க. சரக்கு வண்டியில சும்மா ஏறின ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு கிடையாது. வண்டி ஓனர் தலையிலதான் விழும், அவர்கிட்ட அந்த வண்டியைத் தவிர ஒண்ணும் இருக்காது. தயவுசெஞ்சு வேன் பிடிச்சுப் போங்க.

எம்சிஓபி குமாஸ்தா | 14 ஜனவரி, காலை 9:00

ரொம்பச் சரி. அரசு பஸ் மோதினா வேற மாதிரி. அதுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இருக்காது, போக்குவரத்துக் கழகமே கட்டணும், நிர்வாக இயக்குநரை எதிர்மனுதாரரா போடணும். தீர்ப்பு வந்தும் கட்டலைன்னா நிறைவேற்று மனு, கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே போய் பஸ்ஸை ஜப்தி பண்ணுவார். அந்த அளவுக்குப் போய்த்தான் பணம் வாங்க வேண்டியிருக்குங்கிறது வேதனை.

விரகனூரான் | 24 ஜனவரி, இரவு 8:35

டிஸ்மாண்டில் பண்ணினதும் எஸ்டிமேட் 4,65,000. சர்வேயர் தேய்மானம் போக 3,32,000 போட்டு டோட்டல் லாஸ்னு சொல்லிட்டார். ரெண்டு வழி சொல்றாங்க: வண்டியை அவங்க எடுத்துக்கிட்டா 4,19,000. நாமளே வச்சுக்கிட்டா சால்வேஜ் (உடைஞ்ச வண்டிக்குக் கிடைக்கிற விலை) 1,10,000 கழிச்சு 3,09,000. கார் லோன் 1,60,000 பாக்கி. பணத்தை ஏத்துக்கிட்டோம்னு எழுதிக் குடுக்குற டிஸ்சார்ஜ் வவுச்சர்ல கையெழுத்து கேக்குறாங்க.

பழைய சர்வேயர் | 24 ஜனவரி, இரவு 9:50

கணக்கு சரி. டோட்டல் லாஸ்ல தேய்மானம் கிடையாது, ஐடிவியில கட்டாயக் கழிவு 1,000 மட்டும். லோன் இருக்கறதால பேங்க் பாக்கி போகத்தான் உங்களுக்கு வரும். பேங்க்ல பாக்கிக் கடிதம் அன்னைய தேதிக்கு வாங்குங்க, வட்டி ஓடிட்டே இருக்கும்.

வண்டியை அவங்க எடுக்கட்டும். லாங் மெம்பர் போன வண்டியை வச்சுக்கிட்டு என்ன செய்ய? ஆனா ஒண்ணு. சால்வேஜ் வாங்குறவர் பேர் மாத்துற படிவம் 29, 30-ல வெறும் கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவார். பேர் மாறாம அந்த வண்டி திரும்ப ரோட்டுக்கு வந்து யாரையாவது இடிச்சா ஆர்சி-யில இருக்கிற மச்சானுக்குத்தான் சம்மன் வரும். வாங்குறவர் பேர், தேதி நிரப்பி, ஆதார் நகல், டெலிவரி ரசீது வாங்கிட்டு, ஆர்சி ரத்துக்கோ பேர் மாத்தவோ ஆர்டிஓ ஆபீஸ்ல குடுத்ததுக்கு அத்தாட்சி கேளுங்க. கடைசியில எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டு, பேர் மாறிருச்சான்னு பாருங்க.

வவுச்சர்ல "சொந்த வாகனச் சேதத்துக்கு மட்டும்"னு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

இழுத்தடிச்சாங்கன்னா: சர்வே ரிப்போர்ட்டுக்கு 15 நாள், ரிப்போர்ட் வந்து 7 நாள்ல முடிவுன்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல சொல்லியிருக்கு. கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு எழுதி 30 நாள் பதில் இல்லைன்னா சென்னை இன்சூரன்ஸ் குறைகேள் அதிகாரிகிட்ட போகலாம், கட்டணம் இல்ல. லாரி தரப்பு இழப்பீட்டுக்கு அவர்கிட்ட போக முடியாது, அது தீர்ப்பாயம்தான்.

எம்சிஓபி குமாஸ்தா | 25 ஜனவரி, காலை 10:25

இழுவையில கம்பெனி தராத மிச்சம், 1,000 கழிவு, கார் இல்லாம ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போன செலவு, இதையெல்லாம் எம்சிஓபி மனுவுல தனித்தனித் தலைப்புல சேருங்க. கார் செட்டில்மென்ட் ஷீட்டையும் தாக்கல் பண்ணுங்க. மறைச்சா மொத்த மனு மேலயும் சந்தேகம் வரும்.

கிரிமினல் கேஸ்ல லாரி டிரைவர் குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினா அந்தத் தீர்ப்பு நகலை வாங்கி வைங்க, உங்களுக்குச் சாட்சியம். மச்சான் மேலயும் எதிர் வழக்கு வந்தா, "அபராதம்தானே, கட்டிட்டுப் போயிருவோம்"னு ஒத்துக்கவே கூடாது. அதே காகிதம் எம்சிஓபியில எதிரா வந்து நிக்கும்.

மக்கள் நீதிமன்றத்துக்கு எடுத்தாங்கன்னா போங்க, பணம் சீக்கிரம் வரும். ஆனா அங்க ஒத்துக்கிட்டா அப்பீல் கிடையாது. ஊனச் சான்று வர்றதுக்கு முன்னாடி உக்காராதீங்க. மனுவுல காயம்பட்டவரோட சொந்த வங்கிக் கணக்கு விவரத்தைப் போடுங்க, பணம் நேரா அதுல விழணும்.

விரகனூரான் | 25 ஜனவரி, மாலை 4:40

75,000 ஆளைத் திருப்பி அனுப்பியாச்சு. வவுச்சர்ல நீங்க சொன்ன வரியை எழுதித்தான் கையெழுத்து. மனுவுக்கு வக்கீல் பார்த்தாச்சு, அத்தைக்குத் தனியா. ஃபாஸ்டேக் என்ன பண்றது?

பழைய சர்வேயர் | 25 ஜனவரி, மாலை 5:05

வண்டி கைமாறுறதுக்கு முன்னாடி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துட்டு, குடுத்த பேங்க்ல மூடச் சொல்லுங்க. இல்லைன்னா அடுத்த ஆள் கப்பலூர் டோல்ல போறப்பல்லாம் மச்சான் கணக்குல கழியும். டெலிவரி ரசீதுல கிலோமீட்டர் ரீடிங்கையும் எழுதி வாங்குங்க.